மரபணு கிட்: டப்பாவில் போட்ட விலை ஒன்று, நான் கட்டியது ஒன்று

அல்சூர்க்காரன் | 6 டிசம்பர் 2025, இரவு 11:10

எல்லாருக்கும் வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு முன்னால் பெங்களூரு பெல்லந்தூரில் எங்கள் ஆபீஸில் ஹெல்த் கேம்ப் போட்டார்கள். பிபி, கண், பல் என்று வழக்கமான மேசைகளுக்கு நடுவில் மரபணுச் சோதனைக்கும் ஒரு மேசை. 14,999-ஐ அடித்துவிட்டு 6,499 என்று எழுதியிருந்தது. தம்பதியாக வாங்கினால் இரண்டு கிட் 11,999. வாங்கிவிட்டேன்.

ஆஃபரைப் பார்த்து மட்டும் வாங்கவில்லை. என் அத்தைக்கு, அதாவது மனைவியின் அம்மாவுக்கு, 42 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து 19 வருடம் ஆகிறது. இப்போது 61, நன்றாக இருக்கிறார். மனைவிக்கு 34. அந்தப் பயம் வீட்டில் யாரும் வாயைத் திறந்து சொல்லாமலே இருந்துகொண்டிருக்கிறது.

எச்சில் கொடுப்பதே ஒரு கூத்து. அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குழாயில் இருக்கும் கோடு வரை துப்ப வேண்டும், நுரை கணக்கில் சேராது. நான் சீக்கிரம் முடித்துவிட்டேன். அவள் புளியங்காயை நினைத்து, மாங்காயை நினைத்து, 20 நிமிடம் உட்கார்ந்திருந்தாள். மூடியை இறுக்கினால் அதற்குள் இருக்கும் திரவம் இறங்கி எச்சிலோடு கலக்கிறது. பத்து தடவை கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கி, கூரியர் பையனிடம் கொடுத்தோம்.

ஐந்து வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. ஆளுக்கு 94 பக்கம் பிடிஎஃப். முடி கொட்டுமா, காபி ஒத்துக்கொள்ளுமா, கொத்தமல்லி சோப்பு மாதிரி மணக்குமா என்பதெல்லாம் திறந்திருக்கிறது. புற்றுநோய்ப் பகுதிக்கு மட்டும் பூட்டு. திறக்க ஆளுக்கு 1,999. இதை மேசையில் இருந்த பெண் சொல்லவே இல்லை. கட்டினேன். கவுன்சலிங் 'இலவசம்' என்றார்கள், அது முதல் 15 நிமிடத்துக்காம். அதற்கு மேல் பேசியதற்கு 1,500. மொத்தம் 17,497 ரூபாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மனைவியின் ரிப்போர்ட்டில் 41-ஆம் பக்கம் மார்பகப் புற்று: பச்சை வட்டம், 'சராசரி அபாயம்'. 88-ஆம் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில்: 'தேர்ந்தெடுத்த மாறுபாடுகள் மட்டுமே பரிசோதிக்கப்பட்டன. இது நோயறிதல் அல்ல.'

ஜனவரி 9-க்கு அவளுக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) புக் பண்ணியிருக்கிறோம். "பச்சை வந்துடுச்சே, இன்னும் எதுக்கு அந்தத் தண்டச் செலவு, அந்த வலி வேற" என்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, மார்பகப் புற்றோடு தொடர்புடைய பிஆர்சிஏ மரபணுவில் எத்தனை இடத்தைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "சார், அது எங்க ப்ரொப்ரைட்டரி அல்காரிதம்" என்றான். நான் அல்காரிதத்தையா கேட்டேன்? ஒரு எண்ணிக்கையைத்தானே கேட்டேன்!

மேமோகிராமை ரத்து பண்ணலாமா? பணம் திரும்ப வாங்க வழி இருக்கிறதா? அந்தக் கம்பெனி எது தெரியுமா...

_(நிர்வாகி: கடைசி வரி நீக்கப்பட்டது. கம்பெனி, ஆஸ்பத்திரி பெயர் யாரும் போட வேண்டாம். அனுபவத்தை எழுதுங்கள்.)_

---

லேப்_அக்கா | 7 டிசம்பர், காலை 6:25

தம்பி, முதலில் ஒன்று. மேமோகிராமை ரத்து பண்ணாதீர்கள். மீதியை அப்புறம் படிக்கலாம், இதை இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு வந்த வயதில் பத்தைக் கழித்து அந்த வயதிலிருந்து பார்க்கத் தொடங்கச் சொல்வது டாக்டர்களின் பொதுவான வழக்கம். 42-ல் பத்து போனால் 32. உங்கள் மனைவி ஏற்கெனவே இரண்டு வருடம் தாமதம்.

நான் மாலிக்யூலர் லேபில் 11 வருடம் இருந்தவள், இப்போது எலஹங்காவில் வேறு வேலை. நீங்கள் வாங்கிய விலைக்கு நடந்திருப்பது அநேகமாகச் சிப் சோதனை. நம் டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்து. சிப் அதில் முன்கூட்டியே குறித்து வைத்த சில லட்சம் இடங்களை மட்டும் எட்டிப் பார்க்கும். சீக்வென்சிங் என்பது ஒரு மரபணுவை வரிவரியாக முழுக்கப் படிப்பது. இரண்டையும் விளம்பரத்தில் 'டிஎன்ஏ டெஸ்ட்' என்றுதான் போடுவார்கள்.

வண்டிச் சாவியைக் காணோம் என்று வையுங்கள். ஆணியில் பார்த்தாயிற்று, டிவி மேல் பார்த்தாயிற்று, ஃபிரிட்ஜ் மேல் பார்த்தாயிற்று. மூன்றிலும் இல்லை, ஆகவே வீட்டிலேயே சாவி இல்லை என்று ஒருத்தர் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா? உங்கள் பச்சை வட்டம் அப்படி எழுதிக் கொடுத்ததுதான்.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டிலும் நோய் உண்டாக்கும் மாறுபாடுகள் (எழுத்து மாற்றங்கள்) ஆயிரக்கணக்கில் தெரியும். 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, எச்சில் கிட் விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்துக்கு இந்தச் சோதனையை நேரடியாக விற்க அனுமதி கொடுத்தபோது, பார்த்தது 3 மாறுபாடு மட்டும். மூன்றும் அஷ்கெனாசி (ஐரோப்பிய வம்சாவளி) யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. அந்த 3 இல்லையென்றால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள் என்று எஃப்டிஏ அப்போதே கூடவே சொன்னது. நம் பக்கத்துக் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த 3-ஐப் பார்த்து என்ன தெரியப் போகிறது?

நீங்கள் கம்பெனியைக் கேட்ட கேள்வி சரியான கேள்வி. திரும்பவும் கேளுங்கள், போனில் வேண்டாம், மெயிலில்: சிப்பா சீக்வென்சிங்கா, அந்த இரண்டு மரபணுவில் எத்தனை இடம், எந்த ஊர் லேபில் ஓடியது.

---

ஜாதகம்_ஜம்புலிங்கம் | 7 டிசம்பர், காலை 8:02

94 பக்கமா! எங்க ஊர் ஜோசியர் ஒரு குயர் நோட்டில் எழுதித் தருவார், 501 ரூபாய், பூட்டு கிடையாது. பரிகாரமும் சேர்த்து 😀

---

கணக்குப்பிள்ளை | 7 டிசம்பர், காலை 10:40

சிரிப்பு இருக்கட்டும். காசு எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று பார்ப்போம், அது என் தொழில்.

23அண்ட்மீ 2007-ல் கிட் விற்க வந்தபோது விலை 999 டாலர். 2008-ல் 399. 2012 முடிவில் 99. தொழில்நுட்பம் மலிவானது நிஜம், ஆனால் 99 டாலரில் கிட் விற்று லாபம் பார்க்கிற திட்டம் அவர்களுக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒருத்தர் ஒரு தடவைதான் எச்சில் துப்புவார். அடுத்த வருடம் அதே ஆளுக்கு எதை விற்பது? 2018-ல் மருந்துக் கம்பெனி ஜிஎஸ்கே 300 மில்லியன் டாலர் போட்டது. எச்சிலுக்கா போட்டது? சேர்ந்து குவிந்த தரவுக்கு.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். 2023-ல் தரவுத் திருட்டு, 69 லட்சம் பேர் விவரம் வெளியே போனது. 2025 மார்ச்சில் திவால் மனு. மருந்துக் கம்பெனி ரீஜெனரான் 256 மில்லியன் டாலருக்குக் கேட்டது, கடைசியில் பழைய தலைவி ஆன் வொஜிசிக்கியின் லாபநோக்கற்ற அமைப்பே 305 மில்லியனுக்கு எடுத்தது. வாடிக்கையாளர் சுமார் ஒன்றரைக் கோடி. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 20 டாலர். 999 கொடுத்து வாங்கினவரும் அந்த 20-க்குள்தான்.

அல்சூர்க்காரருக்கு: 14,999 என்ற விலைக்கு யாராவது ஒருத்தராவது எப்போதாவது வாங்கியிருப்பார்களா? கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் சுடிதார் விற்கிற கணக்கு அது. என்னைக் கேட்டால் 6,499-ஐப் பற்றி வருத்தப்படாதீர்கள். பூட்டுப் போட்டு வாங்கின 1,999-தான் அநியாயம். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று நீங்கள் படிவத்தில் எழுதியிருப்பீர்கள். உங்களால் திறக்காமல் இருக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

---

அல்சூர்க்காரன் | 7 டிசம்பர், காலை 11:15

ஆமாம், எழுதினேன். 'குடும்ப வரலாறு' என்று ஒரு கட்டம் இருந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அக்கா, இவளிடம் உங்கள் சாவிக் கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. ஆனால் மேமோகிராமை ரத்து பண்ணும் பேச்சு நின்றுவிட்டது.

---

மத்திகெரெ_மாறன் | 7 டிசம்பர், மதியம் 1:30

எல்லாரும் ஒரே பக்கமாத் துவைக்கிறீங்களே, நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசறேன்.

எங்கப்பாவுக்குப் போன வருஷம் ஸ்டென்ட் வெச்சாங்க. ரத்தம் உறையாம இருக்க க்ளோபிடோக்ரெல் மாத்திரை. அதுக்கு முன்னாடியே என் தங்கச்சி இந்த மாதிரி ஒரு கிட் வாங்கிக் கொடுத்திருந்தா, அதுல சிஒய்பி2சி19 மரபணுவுல அப்பாவுக்கு வேகம் கம்மின்னு வந்திருந்தது. ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போய்க் காட்டினோம். டாக்டர் முதல்ல சிரிச்சார். அப்புறம் ஆஸ்பத்திரி லேப்லயே இன்னொரு தடவை பார்த்துட்டு மாத்திரையை மாத்திட்டார். அந்த 6,000 ரூபா எனக்கு வீண் இல்ல.

இன்னொண்ணு. கம்பெனிக்காரன் மறைக்கிறான்னு சொல்றீங்க, ஆஸ்பத்திரி மட்டும் வெளிப்படையா? எங்க சித்திக்கு கேன்சர் ஜீன் பேனல், அதாவது நிறைய ஜீனைச் சேர்த்துப் பார்க்கிற டெஸ்ட், எழுதிக் கொடுத்தாங்க. ஒரு இடத்துல 18,000, ஒரே ரோட்ல அடுத்த ஆஸ்பத்திரியில 32,000. ரெண்டு பேரும் ரத்தத்தை அனுப்புறது ஒரே லேபுக்கு! லேபுக்கு நேராப் போன் பண்ணினா 14,500-க்கு வீட்டுக்கே வந்து எடுக்கிறேங்கறான். நடுவுல 17,500 யாரு பையில?

---

லேப்_அக்கா | 7 டிசம்பர், மாலை 7:50

மாறன் சொன்னதில் தப்பில்லை. அந்த மாத்திரை உள்ளே போய்க் கல்லீரலில் மாறினால்தான் வேலை செய்யும். மாற்றும் நொதி சிஒய்பி2சி19. அது மந்தமாக இருப்பவர்கள் நம் பக்கம் நிறைய. 2010-லேயே எஃப்டிஏ அந்த மருந்துக்குக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது மிகக் கடுமையான எச்சரிக்கை, போட்டது. இந்த மாதிரி பல பேருக்கு இருக்கும் பொதுவான மாறுபாட்டைச் சிப் நன்றாகவே பிடிக்கும். அபூர்வமானதில்தான் கோட்டை விடும். உங்கள் டாக்டர் இன்னொரு தடவை பார்த்தாரே, அதுதான் முறை.

ஏன் இரண்டாம் தடவை என்று கேட்டால்: 2021-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது, பிரிட்டனின் மருத்துவத் தரவுத் தொகுப்பான யுகே பயோபேங்கை வைத்து. பிஆர்சிஏ-யில் கெட்ட மாறுபாடு இருப்பதாகச் சிப் கைகாட்டியதில் சீக்வென்சிங் உறுதி செய்தது நூற்றுக்கு 4 சொச்சம். மீதி எல்லாம் பொய் அலாரம். இருப்பதாகக் காட்டியதில் இவ்வளவு தப்பு என்றால், இருந்ததைத் தவற விட்டதும் அதே ஆய்வில் பாதிக்கு மேல். பச்சையும் நம்ப முடியாது, சிவப்பும் நம்ப முடியாது.

18,000, 32,000 விவகாரம் எனக்குப் பழக்கம்தான். லேப் கொடுக்கும் விலை வேறு, ரத்தம் எடுக்கும் இடத்தில் போடும் விலை வேறு. லேபில் இருந்தபோது எங்களுக்கே ஒரே சோதனைக்கு நாலு விலைப் பட்டியல் இருந்தது.

---

ஈஜிபுரா_சரஸ் | 8 டிசம்பர், காலை 9:20

இந்த இழையை நேத்தே படிச்சிருந்தா என் மகள்கிட்ட ஒரு சண்டை மிச்சமாயிருக்கும்.

அவ அஞ்சு மாசம். அவ வாங்கின கிட்ல எம்டிஎச்எஃப்ஆர்னு ஏதோ ஒரு ஜீன் 'பழுது'ன்னு சிவப்பா வந்துச்சு. ஃபோலிக் ஆசிட் உங்களுக்குச் சேராது, மெத்தில்ஃபோலேட்தான் சாப்பிடணும்னு அவங்களோட டயட்டீஷியன் சொல்லி, அவங்களோட கடையிலேயே மாசம் 2,200 ரூபாய்க்கு டப்பா. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில சும்மா கொடுக்கிற மாத்திரையை நிறுத்திட்டா. மூணு மாசமா நான் கத்திட்டிருக்கேன், "உனக்கு என்னம்மா தெரியும்"ங்கறா. யாராவது சொல்லுங்க, அந்த ஜீன் நிஜமாவே பழுதா?

---

லேப்_அக்கா | 8 டிசம்பர், காலை 9:55

சரஸம்மா, அந்த மாறுபாடு கோடிக்கணக்கான பேருக்கு இருக்கிறது. பழுது என்று சொல்கிற அளவு ஒன்றுமில்லை. அது இருந்தாலும் உடம்பு ஃபோலிக் ஆசிடைப் பயன்படுத்திக்கொள்ளும் என்று அமெரிக்கப் பொதுச் சுகாதார அமைப்பான சிடிசி தெளிவாகச் சொல்கிறது. குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுப்பதாக நிரூபணமானதும் ஃபோலிக் ஆசிட்தான். அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி ரத்தம் உறைதல் பயத்துக்காக எம்டிஎச்எஃப்ஆர் பார்க்கவே வேண்டாம் என்று 2013-லேயே சொல்லிவிட்டது.

நான் சொன்னதாக வேண்டாம், மகளின் மகப்பேறு டாக்டரிடம் இந்த வாரமே காட்டச் சொல்லுங்கள். சோதிப்பவரும் மருந்து விற்பவரும் ஒரே ஆளாக இருந்தால் ரிப்போர்ட்டில் சிவப்பு கொஞ்சம் தாராளமாகவே இருக்கும்.

---

ஈஜிபுரா_சரஸ் | 8 டிசம்பர், காலை 10:03

இப்பவே ஃபார்வர்ட் பண்றேன். நல்லாயிரும்மா.

---

ஃப்ரேசர்டவுன்_வக்கீல் | 8 டிசம்பர், இரவு 9:15

பணத்தைத் திரும்பப் பெறுவது பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

இந்தியாவில் இப்படி நேரடியாக மக்களுக்கு விற்கும் மரபணுச் சோதனைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆகவே இருப்பதை வைத்துத்தான் பேச வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் போதும். வாங்கும்போது சொல்லாத கட்டணத்தைப் பின்னால் கேட்டது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வாதிடலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லையென்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும், ஆன்லைனில் போடலாம். ஆபீஸ் மேசையில் கொடுத்த நோட்டீஸ், பூட்டுத் திரையின் ஸ்கிரீன்ஷாட், ரசீதுகள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆப் அடுத்த அப்டேட்டில் திரையை மாற்றிவிடும்.

'என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற லேப்' என்று முத்திரை போட்டிருப்பார்கள். என்ஏபிஎல் என்பது லேப்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு. அந்த அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகத் தருவது அல்ல. எந்தெந்தச் சோதனைக்கு என்று பட்டியல் இருக்கும், என்ஏபிஎல் இணையதளத்திலேயே பார்க்கலாம். சுகர் சோதனைக்கு வாங்கின முத்திரையை மரபணு ரிப்போர்ட்டின் தலையில் ஒட்டினால் தடுக்க ஆள் இல்லை.

தரவு விஷயம் இன்னும் மோசம். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் போன மாதம், 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாதம் அவகாசம். அதிலும் மரபணுத் தரவு என்று தனி வகை இல்லை. உங்கள் ஃபுட் ஆர்டரும் உங்கள் டிஎன்ஏ-வும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரே தட்டு.

---

தாமஸ்டவுன்_தேவி | 9 டிசம்பர், காலை 7:40

வக்கீல் சார், இன்சூரன்ஸ்? இந்த ரிப்போர்ட் இருப்பது தெரிந்தால் பாலிசி கொடுக்க மாட்டார்களா? அதற்குப் பயந்துதான் நான் வாங்கவில்லை.

---

ஃப்ரேசர்டவுன்_வக்கீல் | 9 டிசம்பர், காலை 8:30

2018 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் ஜெய் பர்காஷ் தாயல் வழக்கில், மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அந்த அடிப்படையில் கிளெய்மை நிராகரிக்க வேண்டாம் என்று கம்பெனிகளுக்கு எழுதியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. அமெரிக்காவில் 2008-ல் இதற்கென்றே ஜினா சட்டம் போட்டார்கள், அதுவும் ஆயுள் காப்பீட்டைத் தொடவில்லை. நம்மிடம் அந்த அளவுக்குக்கூட ஒரு சட்டம் இல்லை. பாலிசிப் படிவத்தில் கேட்கும் கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள், அதில் மாட்டினால் எந்தத் தீர்ப்பும் காப்பாற்றாது.

---

வரன்_பார்க்கும்_அப்பா | 9 டிசம்பர், மாலை 6:10

ஐயா, அம்மா, என் பெண்ணுக்கு என் தங்கை மகனையே பேசிக்கொண்டிருக்கிறோம். ஓசூரில் சொந்தக்காரர் ஒருவர் இரண்டு பேருக்கும் கிட் வாங்கிப் பார்த்துவிடுங்கள், பொருத்தம் பார்ப்பது போல என்றார். வாங்கலாமா?

---

லேப்_அக்கா | 9 டிசம்பர், இரவு 9:00

ஐயா, பார்க்க நினைத்ததே பெரிய விஷயம். ஆனால் கிட் வேண்டாம்.

முதலில் இரண்டு பேருக்கும் சாதாரண சிபிசி ரத்தச் சோதனை, கூட எச்பிஎல்சி முறையில் ஹீமோகுளோபின் வகை பாருங்கள். தலசீமியா, சிக்கிள் செல் என்ற மரபு ரத்த நோய்களைச் சுமப்பவரா என்பது அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம், ஆயிரத்துச் சொச்சத்துக்குள் முடிந்துவிடும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் அதோடு நிற்காமல் ஒரு மரபியல் டாக்டரைப் பாருங்கள். குடும்பத்தில் காது கேளாத குழந்தை, சிறுவயதில் இறந்த குழந்தை யாராவது உண்டா என்று கேட்டுவிட்டு அவரே எது தேவை என்று சொல்வார். எலக்ட்ரானிக் சிட்டியில் கர்நாடக அரசு ஆதரவில் சென்டர் ஃபார் ஹ்யூமன் ஜெனெடிக்ஸ் இருக்கிறது, விசாரியுங்கள்.

சொந்தத்தில் செய்யாதவர்களும் தப்பித்தோம் என்று இருக்க வேண்டாம். ஒரே சாதிக்குள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வாங்கினாலும் அதே கதைதான். 2017-ல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு தெற்காசியாவில் 263 குழுக்களைப் பார்த்தது. அதில் 81 குழுக்களில் இந்த 'சிறு கூட்டத்திலிருந்து பெருகிய' தடயம் அஷ்கெனாசி யூதர்களைவிட ஆழமாக இருந்தது.

---

கணக்குப்பிள்ளை | 9 டிசம்பர், இரவு 10:20

அக்கா, அப்போது நம் ஆட்களுக்கு நம் ஆட்களின் தரவை வைத்துத்தானே சொல்ல வேண்டும்? இவர்கள் 'சராசரி அபாயம்' என்பது எந்த ஊர்ச் சராசரி?

---

லேப்_அக்கா | 10 டிசம்பர், காலை 6:15

அதைத்தான் எந்த ரிப்போர்ட்டும் எழுதுவதில்லை. சுகர், மாரடைப்புக்கெல்லாம் சொல்லும் மரபணு மதிப்பெண் பெரும்பாலும் ஐரோப்பியர்களை வைத்து நடந்த ஆய்விலிருந்து வருகிறது. 2016-ல் எண்ணிப் பார்த்தபோது அந்த வகை ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 81 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்த மதிப்பெண்ணை நமக்குப் போட்டால் துல்லியம் குறையும்.

இதற்கு நேரெதிர் உதாரணம்: இதயத் தசையைப் பலவீனமாக்கும் எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்து விடுபட்ட ஒரு மாறுபாடு. தெற்காசியர்களில் 100-க்கு 4 பேரிடம் இருக்கிறது என்று 2009-ல் ஐதராபாத்தில் உள்ள சிசிஎம்பி ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு கண்டுபிடித்தது. வெளியூர்ச் சிப்பில் அதைத் தேட யாருக்கு அக்கறை இருக்கும்? நம் ஐஐஎஸ்சி வளாகத்தில் இருக்கும் மூளை ஆராய்ச்சி மையம் முன்னின்று நடத்திய ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் மரபணுத் தொகுப்பைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இனிமேல் கொஞ்சம் மாறலாம்.

சுகர் வருமா என்பதற்கு மரபணு மதிப்பெண்ணுக்குக் கொடுக்கும் காசில் பத்து வருடம் எச்பிஏ1சி என்ற சுகர் ரத்தச் சோதனையைப் பார்த்துவிடலாம். மாரடைப்புப் பயம் குடும்பத்தில் இருந்தால் லிப்போபுரோட்டீன்(ஏ) என்று ஒரு ரத்தச் சோதனை உண்டு. அதன் அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது, வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். மரபைச் சொல்லும் சோதனைதான் அதுவும். ஆனால் ஆபீஸ் கேம்பில் அதற்கு மேசை போட மாட்டார்கள்.

---

அல்சூர்க்காரன் | 24 ஜனவரி 2026, இரவு 10:45

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சில பேர் தனி மெசேஜில் கேட்டிருந்தார்கள்.

கம்பெனிக்கு மூன்று கேள்வியையும் மெயிலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. 1915-ல் புகார் பதிந்த ஐந்தாம் நாள் வந்தது. சிப்தான். இரண்டு மரபணுவுக்கும் சேர்த்து 18 இடம். லேப் எது என்பதற்கு 'எங்கள் பார்ட்னர் லேப்' என்று மட்டும். பூட்டுத் திறக்கக் கட்டிய 3,998 திரும்ப வந்துவிட்டது. கவுன்சலிங் 1,500 வரவில்லை, 'சேவை வழங்கப்பட்டுவிட்டது' என்கிறார்கள்.

மேமோகிராம் ஜனவரி 9-ஆம் தேதியே எடுத்தாயிற்று. ஒன்றுமில்லை.

அதற்கு முன்னால் டிசம்பர் கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் மரபியல் கவுன்சலரைப் பார்த்தோம். ஃபீஸ் 1,200. ஐம்பது நிமிடம் பேசினார். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஒரு ஏ4 தாளை எடுத்து ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று போட்டுக்கொண்டே போனார். அத்தைக்கு வட்டத்தில் கால்வாசியைக் கறுப்பாக்கினார். அப்புறம் நாங்கள் யாருமே யோசிக்காத ஒன்றைக் கேட்டார்: மாமா (மனைவியின் அப்பா) பக்கம் யாருக்காவது உண்டா? இந்த மரபணு அப்பா வழியாகவும் வருமாம். மாமாவின் அக்கா ஒருவர் 'வயிற்றுக் கட்டி'யில் ஐம்பது வயதில் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என்ன கட்டி என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்த வட்டத்துக்குள் அவர் ஒரு கேள்விக்குறி போட்டார்.

முதலில் சோதிக்க வேண்டியது உங்கள் மனைவியை அல்ல, நோய் வந்தவரை என்றார். அத்தையிடம் ஏதாவது கிடைத்தால் அந்த ஒரே ஒரு இடத்தை மட்டும் மகளிடம் பார்த்தால் போதும், செலவும் மிகக் குறைவு. அத்தையிடம் எதுவும் இல்லாவிட்டால் மகளுக்குத் தனியாகப் பார்ப்பதில் அம்மா வழியைப் பொறுத்தவரை பெரிய பயனில்லை. மார்பகப் புற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் இப்படி மரபில் இறங்குவது என்றும் சொன்னார். இதை எங்கள் 94 பக்கத்தில் எங்குமே காணோம்.

அத்தை மசியவில்லை. "எனக்கு வந்து போய் பத்தொம்பது வருஷம் ஆச்சு, இப்ப எதுக்குடா என் ரத்தம்" என்றார். இவள் ஒன்றும் சொல்லாமல் காபி போடப் போய்விட்டாள். அவள் உள்ளே போனதும் அத்தை என்னைப் பார்த்து, "இவளுக்காகவா?" என்று கேட்டார். தலையாட்டினேன். மறுநாள் காலையில் ஆட்டோவுக்கு எங்களுக்கு முன்னால் வாசலில் நின்றார்.

மாறன் சொன்ன யோசனைப்படி லேபிடம் நேரடியாக விலை கேட்டு, கவுன்சலர் கடிதத்தோடு போனோம். 15,000. நேற்று ரிப்போர்ட் வந்தது. நோய் உண்டாக்கும் மாறுபாடு எதுவும் இல்லை. ஆனால் பிஆர்சிஏ2-வில் 'பொருள் தெளிவாகாத மாறுபாடு' ஒன்று இருக்கிறதாம். அதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம், மகளுக்கும் அதைத் தேட வேண்டாம், வருடம் ஒரு தடவை மேமோகிராம் தொடரட்டும், இரண்டு வருடம் கழித்து வந்து அந்த மாறுபாட்டுக்கு அர்த்தம் ஏதாவது முடிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள் என்றார் கவுன்சலர்.

---

மத்திகெரெ_மாறன் | 24 ஜனவரி, இரவு 11:05

அப்போ 15,000 கொடுத்தும் தெரியலைன்னுதான் வந்திருக்கு?

---

லேப்_அக்கா | 25 ஜனவரி, காலை 6:30

தெரியலை என்பதைத் தெரியலை என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மாறன். அதுக்கும் சேர்த்துத்தான் அந்த 15,000. தெளிவாகாத மாறுபாடுகளில் பெரும்பாலானவை பின்னால் 'ஒன்றுமில்லை' என்ற பக்கம்தான் போகும். அத்தையிடம் அதை மட்டும் சொல்லுங்கள் தம்பி, பெயரெல்லாம் வேண்டாம்.

அந்தக் கிட் கம்பெனியிடம் உங்கள் எச்சிலையும் தரவையும் அழிக்கச் சொன்னீர்களா?

---

அல்சூர்க்காரன் | 25 ஜனவரி, காலை 9:10

சொன்னேன் அக்கா. 'அடையாளம் உறுதி செய்ய' இரண்டு பேருடைய ஆதார் நகலும் வேண்டுமாம். வாங்கும்போது ஒரு போன் நம்பர் போதுமாக இருந்தது.

---

ஃப்ரேசர்டவுன்_வக்கீல் | 25 ஜனவரி, காலை 9:40

முழு ஆதார் கொடுக்காதீர்கள். ஆதார் வழங்கும் யுஐடிஏஐ தளத்தில் முதல் 8 எண்ணை மறைத்த பிரதி இறக்கிக்கொள்ளலாம், அதை அனுப்புங்கள். நகலின் குறுக்கே 'மாதிரி அழிப்புக் கோரிக்கைக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிவிடுங்கள். ஆராய்ச்சிக்கு என்று ஆப்பில் நீங்கள் டிக் போட்ட சம்மதத்தையும் தனியாகத் திரும்பப் பெற வேண்டும், மாதிரியை அழித்தால் அது தானாக ரத்தாகாது.

---

அல்சூர்க்காரன் | 25 ஜனவரி, காலை 9:52

டிக் போட்டேனா என்றே நினைவில்லை. பார்த்துவிட்டு வருகிறேன்.

...போட்டிருக்கிறேன். இரண்டு பேருக்கும்.